டச்சிங் மேரி மூடிய ஓட்டைகள்

பென்சில் முனை ஊசியைவிடக் கூர்மையாக இருந்தது. உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, கரி நீளமாக வெளியே நிற்கும்படி சீவிய பென்சில். பிடித்திருந்த கையின் மணிக்கட்டு மேசைச் சட்டத்தில் அழுந்தியிருக்க, விரல்கள் மட்டும் அசைந்தன. கோடு இழுக்கக் கூடாது, இழுத்தால் படத்தில் தெரிந்துவிடும். எறும்பு ஊர்கிற மாதிரி சின்னச் சின்னச் சுழிப்பாக, ஒன்றை ஒட்டி ஒன்று வைத்துக்கொண்டே போக வேண்டும்.

சாய்வு மேசையில் ஒரு கண்ணாடி நெகட்டிவ் பிளேட் நின்றது. மேசைக்கு அடியில் படுக்க வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடி, சன்னல் வெளிச்சத்தை நெகட்டிவின் வழியாக மேலே அனுப்பியது. நெகட்டிவில் ஓர் ஆணின் முகம். நெற்றியின் இடது பக்கம் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி ஒரு வீக்கம். வீக்கத்தின் மேல் விழுந்த வெளிச்சம் நெகட்டிவில் கறுப்பாக இருந்தது. அதைச் சின்னக் கத்தி மெல்லச் சுரண்டி எடுத்தது. வீக்கத்தின் கீழ் விழுந்த நிழலைப் பென்சில் நிரப்பியது. கொஞ்ச நேரத்தில் நெற்றி வழுவழுவென்று ஆகிவிட்டது.

"முதலாளி, சன்னல்ல என்னத்தைச் சொருகி வச்சிருக்கீங்க? வெளிச்சம் கலங்கி வருது."

"உடைஞ்ச கண்ணாடிக்குப் பதிலா ஒரு கழிச்ச பிளேட்டை வச்சேன் மேரி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "திருச்சியில இப்ப சன்னல் கண்ணாடி எங்க கிடைக்குது? ஊரே கியூவில நிக்குது. அனுசரிச்சுக்க."

பாக்கியமேரி அடிக் கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தி, அழுக்கில்லாத வெளிச்சம் வரும்படி திருப்பிவைத்துக்கொண்டு அடுத்த நெகட்டிவை எடுத்தாள்.

பாலக்கரையில் பிலோமின்ராஜ் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் படம் எடுப்பவருக்காக வருவதில்லை, படத்தைத் திருத்துகிறவளுக்காக வருவார்கள். அவளை ஊர் டச்சிங் மேரி என்று கூப்பிட்டது. கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்துச் சுருக்கம், தெற்றுப்பல் போட்ட நிழல் என்று அவள் கையில் எதுவும் நிற்காது. "மேரிகிட்ட ஒருதரம் போயிட்டு வந்தா மாமியாரும் மருமக மாதிரி இருப்பா" என்று காந்தி மார்க்கெட்டில் கீரை விற்கிறவர்கள்கூடச் சொல்வார்கள்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே தன் முகத்தால்தான். கல்யாணத்துக்குப் பார்க்கிற வயதில், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொள்ள இங்கே வந்தாள். சின்ன வயதில் வார்த்த அம்மை இரண்டு கன்னத்திலும் தழும்பு வைத்துவிட்டுப் போயிருந்தது. டச்சிங் பார்க்கிறவர் அன்றைக்கு வேளாங்கண்ணிக்குப் போய்விட்டார். பிலோமின்ராஜ் கையைப் பிசைந்தார். "அந்தப் பென்சிலை இப்படிக் குடுங்கண்ணே. என் மூஞ்சிதானே, எங்கெங்க குழின்னு எனக்குத் தெரியாதா?" என்று மேரி உட்கார்ந்துவிட்டாள். முதல் பிளேட் பாழ். இரண்டாவது பிளேட்டில் கன்னம் பளிங்கு.

படத்தைப் பார்த்துவிட்டுப் பொன்மலை ஒர்க்ஷாப்பிலிருந்து தைரியராஜ் பெண் பார்க்க வந்தார். காப்பி கொண்டுவந்தவளைப் பார்த்து, "படத்துல இருந்தது உங்க தங்கச்சிங்களா?" என்று கேட்டார். மேரி நிமிர்ந்து, "அது சுரண்டின மேரி, இது சுரண்டாத மேரி. எது வேணும்னு சொல்லுங்க" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் காப்பி வேட்டியில் கொட்டியது. அந்த மாதமே கல்யாணம். அடுத்த மாதம் ஸ்டூடியோவில் வேலை.

தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். இருப்பதை எடுப்பாள், இல்லாததை வைக்க மாட்டாள். மூக்குத்தி போட்டுவிடச் சொல்லி, மீசையை முறுக்கிவிடச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். "அது பொய்யில்ல? பூசைக்குப் போறவ நான்" என்று சொல்லிவிடுவாள். எடுப்பது மட்டும் பொய்யில்லையா என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் ஆலங்கட்டி மழை கொட்டியது. அதற்கு முன்னால் திருச்சிக்காரர்களுக்கு வெயில் தெரியும், காவேரி வெள்ளம் தெரியும். வானம் கல்லெடுத்து எறியும் என்பது தெரியாது. மத்தியானம் வரை தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற வெயில். அப்புறம் மலைக்கோட்டைக்குப் பின்னால் வானம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிற்று. முதல் கட்டி தகரக் கூரையில் விழுந்தபோது, யாரோ வம்புக்குக் கல் விட்டெறிகிறார்கள் என்று நினைத்துச் சர்பத் கடைக்காரர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அடுத்த கட்டி அவருடைய நன்னாரி பாட்டிலை உடைத்தது.

பிறகு சத்தம் மட்டும்தான். ஊர் முழுக்க ஓடுகள் அப்பளம் மாதிரி நொறுங்கின. பஸ்களின் கண்ணாடி உதிர்ந்தது. சமயபுரம் தேருக்கு நடந்து போன மஞ்சள் புடவைக்காரிகள் பால்குடத்தைத் தலையிலிருந்து இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, தலைக்குத் தாம்பாளத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள்; தாம்பாளத்தில் விழுந்த ஒவ்வொரு கட்டிக்கும் சேகண்டி அடித்த மாதிரி ஓசை. ஸ்ரீரங்கத்துப் பக்கம் கொள்ளிடக் கரை வாழைத் தோட்டங்களில் ஒரு இலைகூட முழுசாக இல்லை. மழை விட்டதும் குழந்தைகள் டம்ளரும் கையுமாக வெளியே ஓடி வந்து, உடைந்த பாட்டிலில் மிச்சமிருந்த நன்னாரியைக் கேட்டுச் சர்பத் கடையை மொய்த்தார்கள். "ஐஸ் உங்களோடது, சர்பத் என்னோடது. பாதி விலை!" என்று கடைக்காரர் அப்போதே வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார்.

ஸ்டூடியோவுக்குப் பின்வாசல் லாடக்காரச் சந்தில் திறக்கும். மேரியின் வீடும் அங்கேதான். எல்லாம் சீமை ஓடு போட்ட சின்ன வீடுகள். மழை அடித்த வேகத்தில் ஒரு கூரையும் தப்பவில்லை. பக்கத்து வீட்டு ஜட்கா வண்டிக்காரர் பிச்சைக்கு நெற்றி வீங்கிப்போனதும் அப்போதுதான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க" என்று அவர் மனைவி ராக்கம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நம்மாளு அன்னிக்குப் பார்த்து தலைப்பாகையக் கழட்டிக் குதிரைக்குக் கட்டிவிட்டாரு. குதிரை சௌக்கியம்!"

"குதிரைக்கு மண்டை உடைஞ்சா வண்டிய நீயா இழுப்ப?" என்பார் பிச்சை.

பிலோமின்ராஜ் மழை பெய்யும்போதே பின்வாசல் தாழ்வாரத்தில் காமிராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு பிளேட் எடுத்தார். மழை விடுகிற நேரத்தில் குடையோடு தெப்பக்குளத்துக்கு ஓடினார். அதன் பிறகு உடைந்த பஸ், வாழைத் தோட்டம், லாடக்காரச் சந்து என்று ஊர் முழுக்க அலைந்து எடுத்தார்.

அப்போது யாரும் கேட்டு எடுக்கவில்லை. தேவை பிறகு வந்தது. மழையில் பாதிக்கப்பட்ட சந்துகளுக்குச் சர்க்கார் ஓடு கொடுக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு, சந்துக்காரர்கள் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி மழைக்கு அப்புறம்தான் ஊருக்கு மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் சந்துக்கு நேரில் வந்து பார்த்தபோது கட்டியெல்லாம் கரைந்து போயிருந்தது. கூரைமேல் கீற்றும் சாக்கும் போட்டு எல்லோரும் மூடிவிட்டிருந்தார்கள். மூடாமல் எப்படிக் குடியிருப்பது? "மழை எப்படிப் பெஞ்சது, எவ்வளவு சேதம், எனக்கு எப்படித் தெரியும்? போட்டோ இருந்தா கொண்டாங்க. பார்த்துட்டு எழுதறேன்" என்றார்.

போட்டோ இருந்தது. ஆடிக் காற்றுக்கு முன்னால் ஓடு வராவிட்டால் சந்தே வானத்தைப் பார்த்துப் படுக்க வேண்டியதுதான் என்பது மேரிக்கும் தெரியும். அவள் வீட்டு அடுப்புக்கு நேர் மேலேயே ஒரு ஓட்டை இருந்தது.

அதனால்தான் அந்த நெகட்டிவ்களை அவள் வழக்கத்தைவிட அக்கறையோடு திருத்தினாள். பெரிய அதிகாரி பார்க்கப்போகிற படம். நம் சந்து மனிதர்கள் லட்சணமாக இருக்க வேண்டாமா? கிழிந்த சட்டையோடு கோர்ட்டுக்குப் போவோமா? சந்துக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். மறுநாள் பிலோமின்ராஜ் படமெடுக்க வருகிறார் என்றதும் உடைந்த ஓட்டுத் துண்டுகளை அள்ளிக் கண்மறைவாகக் கொட்டி, வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். நொறுங்கிய பானைகளின் மேல் ராக்கம்மாள் கோரைப்பாயை விரித்து மூடி, தீபாவளிப் புடவை கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றாள். மிச்சம் தெரிந்த கூரை ஓட்டைகளை மேரி பென்சிலால் ஒவ்வொன்றாக அடைத்தாள். தெப்பக்குளத்துப் படத்தில் இருட்டான கடை வாசல்களுக்கு முன்னால் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. தூசி என்று கை தானாகக் கத்தியை எடுத்துச் சுரண்டியது. அவை மழையின் கடைசிக் கட்டிகள்.

படங்களோடு போன பிலோமின்ராஜும் பிச்சையும் ஒரு மணி நேரத்தில் திரும்பினார்கள். பிலோமின்ராஜ் உறையை மேசையில் போட்டார்.

"என்ன சொன்னாரு?" என்றாள் மேரி.

"சிரிச்சாரு."

"சிரிச்சாரா? நல்லதுதானே?"

"'இது எந்த வீட்டுக் கல்யாண ஆல்பம்'னு கேட்டாரு. 'தெப்பக்குளத்தங்கரையில உப்பு காயப் போட்டிருக்காங்களா'ன்னாரு. நம்ம சந்தைப் பார்த்துட்டு, 'இவ்வளவு நல்ல கூரை என் வீட்டுக்கே இல்லையே, இவங்களுக்கு எதுக்கய்யா ஓடு'ன்னுட்டாரு."

"நான் என் நெத்தியக் காட்டினேன்" என்றார் பிச்சை. "'எங்கய்யா அடிபட்டுச்சு'ன்னாரு. வீக்கம் வடிஞ்சுபோச்சே! படத்தைப் பாருங்கன்னேன். பார்த்தா, படத்துல நான் மாப்பிள்ளையாட்டம் நிக்கறேன். ஏம்மா மேரி, வானத்துலேர்ந்து விழுந்து பொடைச்சதை நீ பென்சிலால அமுக்கிட்டியே!"

மேரி படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வேலை சுத்தமாக இருந்தது. அவள் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. இந்த ஊரில் மழையே பெய்யவில்லை என்று யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம்.

"நாளைக்குச் சாயங்காலம் அவர் ரிப்போர்ட் கலெக்டர் ஆபீசுக்குப் போகுதாம்" என்றார் பிலோமின்ராஜ்.

அவள் தலையில் கைவைத்து உட்கார்கிற ஜாதியில்லை. எழுந்து டர்பன்டைன் புட்டியையும் பஞ்சையும் எடுத்தாள். பென்சில் பூச்சு டர்பன்டைனில் கரைந்துவிடும். ஒரு கூரையின் மேல் பஞ்சை ஒற்றினாள். பத்து நிமிஷம் எடுத்து அடைத்த ஓட்டை ஒரே துடைப்பில் திறந்துகொண்டது.

"வந்திருச்சு!" என்று பிச்சை கத்தினார். "அடுத்தது எங்க வீட்டுது. நல்லா அழுத்தித் தொடை."

ஒவ்வொரு ஓட்டையும் வெளியே வந்தது. அழகில்லாத ஒன்றைப் பார்த்து மேரி சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். ஆனால் கத்தியால் சுரண்டியதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கட்டிகள் போனது போனதுதான். பிச்சையின் நெற்றியில் நிழல் மட்டும் திரும்பி வந்து, அழுக்கு ஒட்டின மாதிரி நின்றது. பாயால் மூடின பானைகளை எந்த டர்பன்டைன் திறக்கும்?

"ஓட்டை இருக்கு சரி" என்றார் பிலோமின்ராஜ். "பழைய கூரைன்னு சொல்லிட்டா? மழைதான் ஒடைச்சதுன்னு காட்ட வேணாமா?"

"வீக்கத்தை வரைஞ்சுடேன்" என்றார் பிச்சை. "தேங்காய் சைசுல."

ராக்கம்மாள் பின்வாசலில் வந்து நின்றிருந்தாள். "தேங்காயாம்! சுண்டக்கா அளவுக்கு இருந்துச்சு. அதுக்கே அந்த ஊளை."

"சுண்டக்காயா? உன் அண்ணன் வந்து பார்த்துட்டு அழுதாரே!"

"அவரு குதிரை செத்துப்போச்சோன்னு அழுதாரு."

மேரி பென்சிலைக் காதில் செருகினாள். "தேங்காயும் வேணாம் சுண்டக்காயும் வேணாம். இல்லாததை நான் வைக்கறதில்ல பிச்சண்ணே. இருந்ததை எடுத்தே இந்தப் பாடு. வச்சு வேற மாட்டிக்கணுமா?"

பிச்சை நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார். "ஏன் பிலோமின் அண்ணே, மழை பெய்யறப்பவே கறுப்புத் துணிக்குள்ள நின்னுக்கிட்டு ஒண்ணு எடுத்தீங்களே. கட்டி விழுந்து நீங்ககூட 'மாதாவே'ன்னு கத்தினீங்க. அது எங்க?"

"அதுவா? இருட்டுல எடுத்தது. எல்லாம் ஆடிப்போச்சு. குதிரைக்கு ரெண்டு தலை. கஸ்டமர்கிட்ட காட்டற படமாய்யா அது? கழிச்சுட்டேன்."

"கழிச்சு?"

பிலோமின்ராஜ் சன்னலைப் பார்த்தார்.

மேரியும் பார்த்தாள். உடைந்த சதுரத்தில், அட்டை வைத்து இறுக்கிய பிளேட். நாலு நாளாக அவள் கண்ணுக்குக் கலங்கல் அனுப்பிய அழுக்கு. அதன் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் அவள் பிச்சையின் வீக்கத்தைச் சுரண்டியிருந்தாள்.

"முதலாளி" என்றாள், "நீங்க மட்டும் எனக்கு மூத்தவரா இல்லாட்டி..."

"கழட்டறேன், கழட்டறேன்."

பிளேட்டைக் கழுவி, காயவைத்து, டார்க் ரூமுக்குள் கொண்டுபோய்த் தாளில் பிடித்தார்கள். சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தட்டில் படம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. முதலில் வெள்ளைக் கீற்றுகள், மேலிருந்து கீழே, படம் முழுக்க. பிறகு கூரை. ஒரு ஓடு இரண்டாகப் பிளந்து காற்றில் நின்றது. தரையெல்லாம் முட்டை முட்டையாகக் கட்டிகள். இரண்டு தலைக் குதிரை, ஒன்றில் மட்டும் தலைப்பாகை. பிச்சை நெற்றியைப் பிடிக்கப் போகிறார், கை இன்னும் போய்ச் சேரவில்லை. வீக்கம் அப்போதுதான் புடைக்கிறது. தேங்காயும் இல்லை, சுண்டைக்காயும் இல்லை, நேர்த்தியான பெரிய நெல்லிக்காய். ராக்கம்மாளின் வாய் அண்டா மாதிரி திறந்திருந்தது, காலடியில் உடைந்த பானைகள், மேலே பாய் இல்லாமல்.

ஓரத்தில் ஒரு பெண். முழங்கால்வரை புடவையைச் சுருட்டிக்கொண்டு, முறத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஓடுகிறாள். அவள் மட்டும் ஏனோ அவ்வளவு ஆடாமல் விழுந்திருந்தாள். கன்னத்துக் குழிகளை எண்ணலாம்.

"அட, சுரண்டாத மேரி!" என்றார் வேலை முடிந்து வந்திருந்த தைரியராஜ், தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. "ரொம்ப நாளாச்சு இவளைப் படத்துல பார்த்து. எனக்கு இதுல ஒரு காப்பி போட்டுக் குடுங்க அண்ணே."

"ஆமா, மாட்டி வச்சு விளக்கு ஏத்துங்க" என்றாள் மேரி. ஆனால் திருப்பிக்கொண்ட முகத்தில் சிரிப்பு இருந்தது.

மறுநாள் தாலுகா ஆபீஸ் போகிற வழியெல்லாம், ஜட்காவின் பின்பக்கம் உட்கார்ந்து வந்த ராக்கம்மாள் விடவில்லை. "மேரி, ஓட்டையெல்லாம் இருக்கட்டும். மழையும் இருக்கட்டும். என் வாயை மட்டும் லேசா மூடிவிடேன். ஒரு பொம்பளைக்குப் பொம்பளை கேக்கறேன்."

"அதை மூட முடியும்னா நான் எப்பவோ மூடியிருப்பேனே!" என்றார் முன்னால் குதிரையை ஓட்டிக்கொண்டிருந்த பிச்சை. "எனக்கு வேற ஒண்ணு. நெல்லிக்காயை மாத்திரம் கொஞ்சம் பெருசா..."

"ஒரு புள்ளி தொட மாட்டேன்" என்றாள் மேரி. தொடச் சொல்லி அவள் கையும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. காலையிலிருந்து விரல்கள் காதில் இருந்த பென்சிலுக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தன. ஓரத்தில் ஓடுகிற அந்தப் பெண்ணுக்கு இரண்டே இரண்டு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப் போகிறது? ஆபீஸ் வாசலில் இறங்கியதும் பென்சிலை எடுத்து ராக்கம்மாளிடம் கொடுத்து, "நான் வெளிய வர்ற வரைக்கும் குடுத்துடாத" என்றாள்.

அதிகாரி முதல் கட்டுப் படங்களைப் புரட்டினார். கூரையில் ஓட்டை, வாழைத் தோட்டத்தில் கிழிசல், பஸ்ஸில் கண்ணாடி இல்லாத சட்டம். "நேத்துப் பார்த்த அதே சந்தா இது? ராத்திரியே ஓட்டை போட்டுட்டீங்களா?"

"ஓட்டை முன்னாடியே இருந்துச்சுங்கய்யா" என்றாள் மேரி. "நான்தான் அடைச்சிருந்தேன். உங்க முன்னாடி சுத்தமா வரணும்னு அடைச்சேன். அதான் தொழில்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கன்னத்தையும் பார்த்திருப்பார். "சரிம்மா. ஓட்டை தெரியுது. ஆனா மழை எங்க?"

பிலோமின்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது ஆடிப்போன படம்ங்க, தொழிலுக்கே அவமானம், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது..." என்று ஆரம்பித்தார்.

அவர் முடிப்பதற்குள் மேரி உறையிலிருந்து படத்தை உருவி, தன் புடவைத் தலைப்பால் ஒருதரம் துடைத்து, இரண்டு கையாலும் அதிகாரியின் கையில் கொடுத்தாள். அவர் ஒரு கையால் வாங்கினார். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவரின் இன்னொரு கை, அவருக்கே தெரியாமல் மேலே போய் அவர் நெற்றியை மூடிக்கொண்டது.